கணினிக் கோப்புகளுக்கு எந்தப் பூட்டு? பிட்லாக்கர், வெராகிரிப்ட், 7-ஜிப், கிரிப்டோமேட்டர்

வாசகர்களிடமிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. பத்திர ஸ்கேன், பான் கார்டு, வருமான வரிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் லேப்டாப்பில் கிடக்கின்றன. விண்டோஸிலேயே இருக்கும் பிட்லாக்கர் போதுமா, வெராகிரிப்ட் போட வேண்டுமா, 7-ஜிப்பில் பாஸ்வேர்ட் வைத்துச் சுருட்டிவிட்டால் ஆகாதா? கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுவார்கள்: "எது உடைக்கவே முடியாதது?"

அந்தக் கடைசி வரியை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். இந்த நான்கும் அடியில் பயன்படுத்துவது ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையைத்தான்; அதாவது, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றிவிடும் முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்தது; 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து உலகத்துக் கணித மூளைகள் எல்லாம் முட்டிப் பார்த்துவிட்டன. நடைமுறையில் அதை உடைக்க யாருக்கும் வழி கிடைக்கவில்லை. எனவே கணக்கில் நான்கும் பலமானவை. வேறுபாடு இருப்பது மற்ற இடங்களில்: சாவி யாரிடம் இருக்கிறது, கோப்பு எப்போது திறந்து கிடக்கிறது, பூட்டாத நகல் எங்கே தங்கிவிடுகிறது.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2008-இல் பிரேசில் வங்கியாளர் டேனியல் டான்டஸின் ஹார்ட் டிஸ்க்குகளை அந்நாட்டுப் போலீஸ் கைப்பற்றியது. அவை வெராகிரிப்ட்டின் முன்னோடியான ட்ரூகிரிப்ட் போன்ற மென்பொருளால் பூட்டப்பட்டிருந்தன. உள்ளூர் நிபுணர்கள் மாதக்கணக்கில் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் எஃப்பிஐ ஓராண்டு முயன்றது. டிஸ்க்குகள் திறக்காமலே திரும்பி வந்தன. இன்னொரு பக்கம் 2013 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு பொது நூலகத்தில் சில்க் ரோடு என்ற கள்ளச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் உட்கார்ந்திருந்தார். அவருடைய லேப்டாப்பும் குறியாக்கம் செய்யப்பட்டதுதான். பின்னால் இருவர் சண்டை போடுவதுபோல் நடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த நொடியில், திறந்திருந்த லேப்டாப்பை இன்னொரு அதிகாரி எடுத்துக்கொண்டார். மூடவிட்டிருந்தால் பூட்டிக்கொண்டிருக்கும். மூடவிடவில்லை.

நாம் இருவரைப் போலவும் இல்லை, நம்மை எஃப்பிஐ தேடவும் இல்லை. ஆனால் நம் கோப்புகளுக்கும் இதே கணக்குதான். அணைத்திருக்கும் கணினியில் குறியாக்கம் இரும்புக் கதவு. திறந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும் கணினியில் அது இல்லாத மாதிரி.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், யாரிடமிருந்து மறைக்கிறோம். பேருந்தில் லேப்டாப்பைத் திருடியவன், சர்வீஸ் கடைக்காரர், அதே கணினியில் உட்காரும் வீட்டு ஆள், கிளவுட் நிறுவனம், மின்னஞ்சலில் வந்த வைரஸ் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒரே பூட்டு ஐவரையும் தடுக்காது.

அடுத்தது சாவி. தொலைந்தால் மீட்க வழி உண்டா? உண்டென்றால், அந்த வழியில் வேறு யாரும் நுழைய முடியுமா? இந்த இரண்டும் எப்போதும் எதிரெதிர்தான். மீட்க வழியே இல்லாத பூட்டுதான் கணக்குப்படி பாதுகாப்பானது. பாஸ்வேர்ட் மறந்த அன்று அதைப் போல ஆபத்தானதும் கிடையாது.

மூன்றாவது, பூட்டாத மிச்சங்கள். கோப்பைத் திறக்கும்போது தற்காலிக நகல் எங்கே உருவாகிறது, அழித்த பழைய நகல் டிஸ்க்கில் கிடக்கிறதா. பிறகு பேக்கப்போடு ஒத்துப்போகிறதா, தினமும் எவ்வளவு தொல்லை என்பவை. கடைசி இரண்டையும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். தொல்லை கொடுக்கும் பூட்டை ஒரு மாதத்தில் நாமே கழற்றிவிடுகிறோம்.

## பிட்லாக்கர்: டிஸ்க் முழுவதற்கும்

2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. முழுப் பிட்லாக்கர் புரோ பதிப்பிலும் அதற்கு மேலும்தான் கிடைக்கும். ஹோம் பதிப்பில் அதன் சுருங்கிய வடிவம் "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்ற பெயரில் இருக்கிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் போய்ப் பாருங்கள். தங்கள் டிஸ்க் ஏற்கெனவே பூட்டியிருப்பது தெரியாமல் வெராகிரிப்ட் பற்றிக் கேட்பவர்கள் நிறைய.

இதன் பெரிய பலம், நீங்கள் எதையும் நினைவில் வைக்க வேண்டாம் என்பது. தற்காலிக நகல், ஹைபர்னேஷன் கோப்பு, ரீசைக்கிள் பின், பிரவுசர் சேமித்தவை என டிஸ்க்கில் எழுதப்படும் அத்தனையும் பூட்டுக்குள். கோப்பையோ பெட்டகத்தையோ மட்டும் பூட்டும்போது மற்ற மூன்றுக்கும் இந்தப் பலம் கிடையாது. லேப்டாப்பைத் திருடியவன் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் குப்பைதான் தெரியும்.

பலவீனமும் அதே வசதியிலிருந்துதான் வருகிறது. வழக்கமான அமைப்பில் சாவி கணினிக்குள்ளேயே டிபிஎம் என்ற சில்லில் இருக்கிறது. பவர் பொத்தானை அழுத்தினால் சில்லு தானே சாவியைக் கொடுத்துவிடும். நாம் தட்டுவது விண்டோஸ் பாஸ்வேர்ட் மட்டுமே. 2024 பிப்ரவரியில் ஒரு வன்பொருள் ஆய்வாளர் பழைய லேப்டாப் ஒன்றின் அடிமூடியைத் திறந்து, மலிவான ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையை மதர்போர்டின் முனைகளில் வைத்தார். சில்லிலிருந்து பிராசசருக்குப் போகும் சாவியை வழியிலேயே ஒட்டுக் கேட்டார். மொத்தம் 43 நொடி. டிபிஎம் தனிச் சில்லாக உள்ள கணினிகளில்தான் இந்த வித்தை பலிக்கும். பிராசசருக்குள்ளேயே டிபிஎம் உள்ளவற்றில் அந்தக் கம்பியே வெளியில் இல்லை. புரோ பதிப்பில் குரூப் பாலிசி என்ற அமைப்புப் பகுதியில் போய், கணினி எழும் முன்பே ரகசிய எண் (PIN) கேட்கும்படி வைத்தால் தனிச் சில்லுக்கும் இந்த வழி அடைபடும். சாதாரணத் திருடன் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டான் என்பது என் கணிப்பு. ஆனால் வாடிக்கையாளர்களின் கணக்குகளை வைத்திருக்கும் தணிக்கை அலுவலகத்தார் அந்த ரகசிய எண்ணை வைப்பதே சரி.

இன்னொரு பழைய பிழையையும் சொல்ல வேண்டும். தானே குறியாக்கம் செய்துகொள்ளும் எஸ்எஸ்டிகளை முன்பு பிட்லாக்கர் அப்படியே நம்பிவிடும். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெயர் பெற்ற பல எஸ்எஸ்டிகளின் உள்குறியாக்கம் ஓட்டை என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் வழக்கத்தை மாற்றி, வேலையைத் தன் மென்பொருளிடமே கொடுத்தது. அதற்கு முன் பிட்லாக்கர் போட்ட பழைய கணினி என்றால் ஒருமுறை கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு அந்த 48 இலக்க மீட்பு எண்தான். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸில் கை வைத்தாலோ, சில நேரம் ஓர் அப்டேட்டுக்குப் பிறகோ நீலத் திரையில் அதைக் கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, பல நிறுவனங்கள் திணறியது இந்த எண்களைத் தேடித்தான். வீட்டுக் கணினியில் அந்த எண் வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு கடைப் பையன் அமைத்துக் கொடுத்ததாக, பாஸ்வேர்ட் அவனுக்கு மட்டுமே தெரிந்ததாக இருந்தால்? லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். எண் அவர்கள் சர்வரில் இருப்பதால் சட்டப்படி கேட்கப்பட்டால் அவர்களால் கொடுக்க முடியும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இதே கணினியில் உட்காரும் வீட்டு ஆளை பிட்லாக்கர் தடுக்காது. ஒரே விண்டோஸ் கணக்கை எல்லாரும் பயன்படுத்தும் வீடுகளில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

## வெராகிரிப்ட்: தனிப் பெட்டகம்

ட்ரூகிரிப்ட்டை எழுதியவர்கள் யாரென்றே வெளியே தெரியாது. 2014 மே மாதம் திடீரென்று "இது பாதுகாப்பானதல்ல" என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு அதைத் தணிக்கை செய்தவர்கள் பின்கதவு எதையும் காணவில்லை. அதற்கு ஓராண்டு முன்பே அதன் நிரலிலிருந்து கிளைத்ததுதான் வெராகிரிப்ட். இலவசம், நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். 2016-இல் குவார்க்ஸ்லேப் என்ற பிரெஞ்சு நிறுவனம் தணிக்கை செய்திருக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. ஐந்து ஜிபி, பத்து ஜிபி என்று ஒரு பெரிய கோப்பை உருவாக்குகிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அர்த்தமில்லாத பைட்டுகள். பாஸ்வேர்ட் கொடுத்து மவுண்ட் செய்தால் பென் டிரைவ் செருகியதுபோல் புதிய டிரைவ் ஒன்று தோன்றும். உள்ளே வேலை பார்த்துவிட்டு டிஸ்மவுண்ட் செய்தால் மறைந்துவிடும். கணினி ஓடிக்கொண்டிருந்தாலும், பெட்டகம் மூடியிருக்கும்வரை வீட்டு ஆளாலும் பார்க்க முடியாது, சர்வீஸ் கடைக்காரராலும் பார்க்க முடியாது. பிட்லாக்கர் விட்ட இடத்தை இது பிடிக்கிறது.

பாஸ்வேர்டை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பவனை இது வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது. ட்ரூகிரிப்ட் ஒரு பாஸ்வேர்டை ஆயிரம், இரண்டாயிரம் முறை அரைத்துச் சாவி எடுத்தது. வெராகிரிப்ட்டின் பெட்டகத்தில் வழக்கமான கணக்கு 5 லட்சம் முறை. திறக்க ஓரிரு நொடி ஆகிறதே என்று சலித்துக்கொள்கிறோமே, அந்தத் தாமதம் இதுதான்.

இங்கே மீட்பு எண் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. பாஸ்வேர்ட் மறந்தால் கதை முடிந்தது. பெட்டகக் கோப்பின் தலைப்பகுதியில் சாவித் தகவல் இருக்கிறது. அது கெட்டுப்போனால் சரியான பாஸ்வேர்டும் உதவாது. கோப்பின் கடைசியில் அதற்கு ஒரு நகல் இருக்கிறதுதான். அதையும் மீறித் தனியாக ஒரு நகல் எடுத்து வைக்க டூல்ஸ் மெனுவில் வசதி உண்டு. பலர் கவனிக்காத ஒன்று: பாஸ்வேர்டை மாற்றினாலும் உள்ளே உள்ள மூலச் சாவி மாறாது. பழைய தலைப்பகுதி நகலும் பழைய பாஸ்வேர்டும் ஒருவன் கையில் இருந்தால் இன்றைய பெட்டகத்தையும் திறந்துவிடுவான். பாஸ்வேர்ட் வெளியே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் புதிய பெட்டகம் செய்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவதுதான் வழி.

கிளவுட்டோடு இது சரிப்பட்டு வராது. வழக்கமான அமைப்பில் பெட்டகத்தின் மாற்றிய நேரம் பழையதாகவே நிற்கும். அதனால் சில சிங்க் மென்பொருள்கள் மாற்றத்தைக் கவனிப்பதே இல்லை. கவனித்தாலும், ஒரு வரி திருத்தியதற்குப் பத்து ஜிபி கோப்பை முழுதாக மேலே ஏற்றக்கூடும். கைபேசிக்கு அதிகாரபூர்வ ஆப் இல்லை. வேறொருவர் கணினியில் திறக்க அட்மின் அனுமதி வேண்டும். 2023-இல் வந்த 1.26 பதிப்போடு பழைய ட்ரூகிரிப்ட் பெட்டகங்களைத் திறக்கும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் பூட்டிய சிடி ஏதும் பரணில் இருந்தால் 1.25.9 பதிப்பைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## 7-ஜிப்: அனுப்புவதற்கு நல்லது, வைத்திருப்பதற்கு அல்ல

எளிது, இலவசம், எல்லாருக்கும் தெரிந்தது. 7இசட் வடிவத்தில் ஏஇஎஸ்-256, பாஸ்வேர்டை 5,24,288 முறை அரைக்கிறது. குறை சொல்ல இடமில்லை. ஆனால் இரண்டு கட்டங்களைச் சரியாகத் தொட வேண்டும். ஜிப் வடிவத்தைத் தேர்ந்தால் வழக்கமாக நிற்பது ஜிப்கிரிப்ட்டோ என்ற பழைய முறை. அதன் ஓட்டையை 1994-லேயே பிஹாமும் கோச்சரும் எழுதிவிட்டார்கள். உள்ளே உள்ள ஒரு கோப்பின் சிறு பகுதி தெரிந்தாலே மற்றவற்றைத் திறக்கலாம். அதை ஏஇஎஸ்-256 ஆக மாற்றுங்கள், அல்லது 7இசட்டையே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, 7இசட்டில் உள்ள "கோப்புப் பெயர்களையும் குறியாக்கு" என்ற கட்டம். அதை டிக் செய்யாவிட்டால் பாஸ்வேர்ட் இல்லாமலே "விவாகரத்து மனு", "பயாப்ஸி ரிசல்ட்" என்று பெயர்ப் பட்டியல் அப்படியே தெரியும். சில கோப்புகளில் பெயர்தான் ரகசியமே.

இதை அன்றாடப் பெட்டகமாகப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் மிச்சங்கள். உள்ளே இருக்கும் எக்செல் கோப்பை இரட்டைக் கிளிக் செய்கிறீர்கள். 7-ஜிப் அதை டெம்ப் கோப்புறையில் பிரித்து வைக்கிறது. எக்செல் திறப்பது அந்தப் பூட்டாத நகலை. எக்செல் தன் பங்குக்கு ஆட்டோரிகவர் நகல் ஒன்று எழுதுகிறது. வேலை முடிந்ததும் டெம்ப் நகல் அழிக்கப்படும், பெரும்பாலும். கணினி நடுவில் நின்றுவிட்டால் அங்கேயே கிடக்கும். அழித்தாலும் டிஸ்க்கிலிருந்து உடனே மறைவதில்லை. இது போதாதென்று, சுருட்டிய பிறகு மூலக் கோப்பை அழிக்க மறந்தவர்களும் உண்டு.

பாஸ்வேர்ட் பற்றிப் பேச இதுவே சரியான இடம், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் பிறந்த தேதியை வைக்கிறார்கள். நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கம் பார்க்கப் பெரிதாகத் தெரியும். நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து சுமார் 36,500 தேதிகள்தான். இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்ட் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் என்பது ஊருக்கே தெரியும். உங்கள் பெயர் தெரிந்தவன் அதிகபட்சம் நூறு முறை முயன்றால் போதும். அந்தப் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு "பாஸ்வேர்ட் போட்டுத்தான் இருக்கு" என்று நிம்மதியாக இருக்கிறோம்.

நொடிக்குப் பத்து லட்சம் முறை முயலும் இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகள் இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து பகடை உருட்டி எடுத்த ஆறு சொற்கள் என்றால் முழுதும் முயல சுமார் 700 கோடி ஆண்டுகள் ஆகும். சொற்கள் சாதாரணமாகவே இருக்கலாம், நினைவில் நிற்கும். ஆனால் பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாமே யோசித்தால் குலதெய்வமும் பிள்ளை பெயரும்தான் வரும்.

## கிரிப்டோமேட்டர்: கிளவுட்டில் வைப்பவர்களுக்கு

கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ கோப்பு வைத்திருப்பவர்களுக்கு பிட்லாக்கரால் ஒரு பயனும் இல்லை. கணினியை விட்டு மேலே ஏறும்போதே அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. ஜெர்மனியில் உருவான இந்த மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டி, பெயரையும் மறைத்து, கிளவுட் கோப்புறையில் வைக்கிறது. திறந்தால் வெராகிரிப்ட் போலவே ஒரு டிரைவாகத் தெரியும். ஒரு கோப்பைத் திருத்தினால் அது மட்டும்தான் ஏறும். கிளவுட்டின் பழைய பதிப்பு மீட்கும் வசதியும் கோப்பு வாரியாக வேலை செய்யும். கைபேசியிலும் திறக்கலாம். டெஸ்க்டாப்புக்கு இலவசம், கைபேசியில் முழுப் பயனுக்குப் பணம் கட்ட வேண்டும்.

எத்தனை கோப்பு, எவ்வளவு பெரிது, எப்போது மாற்றியது என்பவை கிளவுட் நிறுவனத்துக்குத் தெரியும். உள்ளே என்ன என்பது தெரியாது. வீட்டுப் பத்திரங்களுக்கு இது போதும். பெட்டகம் உருவாக்கும்போதே சொற்களால் ஆன மீட்புச் சாவி ஒன்று தரும்; வேண்டாம் என்று கடந்து போகாதீர்கள். இதுவும் மிச்சங்கள் விஷயத்தில் வெராகிரிப்ட் அளவுக்குத்தான்: உள்ளிருக்கும் கோப்பை வேர்டில் திறந்தால், வேர்ட் வேறு எங்காவது எழுதும் நகலுக்கு இது பொறுப்பல்ல.

| | பிட்லாக்கர் | வெராகிரிப்ட் | 7-ஜிப் | கிரிப்டோமேட்டர் |
|---|---|---|---|---|
| லேப்டாப் திருட்டு | டிஸ்க் முழுவதும் | பெட்டகம் மட்டும் | கோப்பு மட்டும் | பெட்டகம் மட்டும் |
| அதே கணினியில் வேறு ஆள் | தடுக்காது | மூடியிருந்தால் தடுக்கும் | தடுக்கும் | மூடியிருந்தால் தடுக்கும் |
| கிளவுட் நிறுவனம் | தடுக்காது | தடுக்கும், சிங்க் தொல்லை | தடுக்கும் | இதற்கென்றே செய்தது |
| பூட்டாத மிச்சங்கள் | இல்லை | கொஞ்சம் | நிறைய | கொஞ்சம் |
| சாவி தொலைந்தால் | 48 இலக்க எண் | வழியில்லை | வழியில்லை | மீட்புச் சாவி எடுத்திருந்தால் |
| அன்றாடத் தொல்லை | இல்லை | நடுத்தரம் | அதிகம் | குறைவு |

வைரஸுக்கு இந்த அட்டவணையில் இடமே கொடுக்கவில்லை. காரணம், நான்குமே தடுக்காது. பெட்டகம் திறந்திருக்கும்போது நீங்கள் பார்ப்பதை எல்லாம் அதுவும் பார்க்கும். மூடியிருந்தாலும் ரான்சம்வேர் அந்தப் பெட்டகக் கோப்பின் மேலேயே இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டுப் பணம் கேட்கும். அதற்கு மருந்து, கணினியிலிருந்து கழற்றி வைத்த பேக்கப் மட்டுமே.

எக்செலில் "ஷீட் புரொடெக்ட்" செய்வதைச் சிலர் குறியாக்கம் என்று நினைக்கிறார்கள். அது தவறுதலாகத் தட்டிவிடாமல் இருக்க மட்டுமே. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கும் இஎஃப்எஸ்ஸையும் தொட வேண்டாம். சாவி விண்டோஸ் கணக்கோடு கட்டியிருக்கிறது. யாராவது உங்கள் பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் கோப்புகள் போய்விடும். சாதாரணப் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் பூட்டு கழன்றும் விடலாம்.

## யாருக்கு எது

வீட்டு லேப்டாப், தனித் தனி விண்டோஸ் கணக்கு, திருட்டு பயம் மட்டும்: பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ போதும். மேலே எதுவும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே பல மாதம் பயன்படுத்திய கணினியில் முழுப் பிட்லாக்கரை இயக்கினால் "பயன்படுத்திய இடம் மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள். முன்பு அழித்த கோப்புகளின் எச்சம் வெற்றிடத்தில்தான் கிடக்கிறது.

வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி, பான் விவரங்களைக் கையாளும் சிறு அலுவலகம்: புரோ பதிப்பில் தொடக்க ரகசிய எண்ணோடு பிட்லாக்கர், அதற்கு உள்ளே வெராகிரிப்ட் பெட்டகம். இரண்டும் சேர்ந்தால் மிச்சங்களும் பூட்டுக்குள், ஓடும் கணினியிலும் பாதுகாப்பு. மதிய உணவுக்கு எழும்போது டிஸ்மவுண்ட் செய்யாவிட்டால் இரண்டாவது பூட்டுக்கு அர்த்தமில்லை. வெராகிரிப்ட்டில் இத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தானே மூடு என்று அமைக்கலாம், அதைச் செய்துவிடுங்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளோடு பத்திர ஸ்கேன்களைப் பகிர வேண்டும்: கிரிப்டோமேட்டர். ஒரே ஒரு முறை வக்கீலுக்கு அனுப்ப வேண்டும்: 7-ஜிப், பெயர்களையும் மறைத்து. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் பாஸ்வேர்டைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அரசு கேட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, முறையான உத்தரவு வந்தும் குறியாக்கத்தைத் திறக்க உதவ மறுத்தால் ஏழாண்டு வரை சிறை உண்டு. வெராகிரிப்ட்டில் பெட்டகத்துக்குள் இன்னொரு மறை பெட்டகம் வைக்கும் வசதி இருக்கிறது. தொழில்நுட்பமாக அது அழகான வேலை. ஆனால் வெளிப் பெட்டகத்தில் கவனமில்லாமல் எழுதினால் உள்ளே இருப்பது அழிந்துபோகும். குடும்பக் கோப்புகளுக்கு அந்த வம்பு தேவையே இல்லை.

எதைத் தேர்ந்தாலும் மூலக் கோப்புகளை உடனே அழிக்காதீர்கள். பெட்டகத்தை மூடி, கணினியை அணைத்து, மறுநாள் நினைவிலிருந்து பாஸ்வேர்டைத் தட்டித் திறந்து பாருங்கள். மீட்பு எண்ணையும் ஒருமுறை தாளிலிருந்து சரிபாருங்கள். அந்தத் தாளைப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள், லேப்டாப் பையில் வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் அந்த இன்சூரன்ஸ் பாலிசியைத் திறக்க வேண்டியவர் அவர்தான்.